ழுலியேத் கேட்ட ஜன்னல்

"தலைமாட்டைச் சாய்ங்க... ஏ, விட்டம் இடிக்குது, விட்டம்!"

ஏணிக்குக் கீழே நின்று மீரா சாகிப் கத்தினார். மேலே பரணில் தச்சர் காத்தமுத்தும் குப்பத்து ஆட்கள் இரண்டு பேரும் நீளப் பலகை ஒன்றைத் தரைத் துவாரத்தின் வழியே இறக்கிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பலகையில் யாரும் இல்லை. வெறும் ஒத்திகை. கட்டிலில் கிடந்தவளின் நீளத்துக்குக் காத்தமுத்து அளந்து அறுத்த பலகை அது. ஒரு முனை துவாரத்தில் நுழைந்தால் மறுமுனை குறுக்கு விட்டத்தில் முட்டியது. பக்கவாட்டில் திருப்பினால் ஏணியில் சிக்கியது.

"பெரியவங்கள எப்படிங்க மேல ஏத்துனீங்க?" என்றான் ஒருவன் மூச்சு வாங்க.

"அவளேதான் ஏறினா" என்றார் சவியே.

அவர் கட்டிலை ஒட்டித் தலையைக் குனிந்தபடி நின்றிருந்தார். துக்கத்தில் குனிந்தது பாதி. அந்த இடத்தில் யாராக இருந்தாலும் குனிந்துதான் நிற்க வேண்டும் என்பது மீதி. விடிகாலையில் மனைவி ழுலியேத் ஒரு வாய் தண்ணீர் கேட்டாள். கொண்டுவந்தார். பாதி குடித்துவிட்டுப் போதும் என்று கையைக் காட்டினாள். டம்ளரைக் கீழே வைத்துவிட்டுத் திரும்புவதற்குள் எல்லாம் முடிந்திருந்தது. காரைக்கால் டவுனிலிருந்து முதல் பஸ்ஸில் வந்த மகள் அனெத், அம்மாவுக்குத் தாடைக்கட்டு கட்டி, விரல்களில் ஜெபமாலையைச் சுற்றிவிட்டு, அப்பாவோடு ஒரு வார்த்தையும் பேசாமல் தலைமாட்டில் உட்கார்ந்திருந்தாள்.

சவியேயைக் கோட்டுச்சேரிமேட்டில் எல்லோரும் சொல்தா என்பார்கள். பிரெஞ்சு ராணுவத்தில் இருந்துவிட்டுப் பென்ஷனோடு திரும்பியவர்களுக்கு அந்தப் பக்கத்தில் அதுதான் பட்டம். இந்தோசீனாவில் சேற்றையும் அல்ஜீரியாவில் மணலையும் பார்த்து முடித்து, கடைசியாக அவர் இருந்த முகாம் பிரான்சில் ஒரு மலையடிவாரத்தில். அங்கே பனி கொட்டும். கொட்டுகிற பனி கூரையில் தங்கிவிடக் கூடாது என்று, இரண்டு சீட்டுகளை ஒன்றன்மேல் ஒன்று சாய்த்து நிறுத்தியதுபோல, கூரையை இரு பக்கமும் தரைவரை இறக்கி மரவீடு கட்டுவார்கள். சொல்தாவுக்கு அந்த வீட்டின்மேல் ஆசை வந்துவிட்டது. ஆசை வந்தவர் சரக்கைப் புரட்டிப் பார்க்கவில்லை. ஊருக்குத் திரும்பி, ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபத்து மூன்றில், கடற்கரை மணலில் அதையே கட்டிவிட்டார். கூரையைச் சாய்வாகத் தாங்கப் பனைமரத்தில் கைமரங்கள், மேலே மங்களூர் ஓடு. மார்கழியிலும் வேர்க்கிற ஊரில் பனி வழிவதற்கு ஒரு கூரை.

"கூரைய வாங்குனவரு சுவத்தக் கடையிலயே மறந்து வெச்சிட்டு வந்துட்டாரு" என்று ஊரில் சிரித்தார்கள்.

வீட்டுக்கு வந்தவர்கள் அனைவரும் தலையில் ஒரு இடி வாங்கிக்கொண்டு, பதிலுக்கு ஒரு யோசனை கொடுத்துவிட்டுப் போனார்கள். பங்குச்சாமியார், முன்பக்கம் ஒரு சிறு முகப்பு எழுப்பினால் கோயில் மாதிரியாவது இருக்கும் என்றார். மரவாடி வைத்திருந்த மீரா சாகிப்போ, வலப்பக்கக் கூரையை அப்படியே மேலே தூக்கி நிறுத்தி, அடியில் சுவர் வைத்துவிடலாம் என்று ஒவ்வொரு பெருநாளுக்கும் பிரியாணியோடு வந்து சொல்வார். எல்லோரையும்விட அதிக யோசனை வைத்திருந்தவள் ழுலியேத். ஜவுளிக்கடைக்காரர் மகள். பத்து கேட்டால்தான் ஒன்றாவது நிற்கும் என்பது அவளுக்குப் பிறந்த வீட்டுப் பாடம். முதலில், வீட்டுக்குப் பின்னால் இதே போல் இன்னொன்றைக் கட்டி நடுவில் நடை விடலாம் என்றாள். பிறகு மேற்கே சாய்ப்பு இறக்கி அடுப்படி. வராந்தா. அப்புறம் நேராக நிற்கிற சுவர் ஒன்று, ஒன்றே ஒன்று, அலமாரியை ஒட்டி வைக்கவும் கல்யாணப் போட்டோவை மாட்டவும். சாய்ந்த கூரையில் மாட்டிய போட்டோ எப்போதும் தரையையே பார்த்துத் தொங்கியது. சிமெண்ட் தரையில் சாக்குக்கட்டியால் படம் போட்டு வைப்பாள். சொல்தா கடைத்தெருவிலிருந்து வந்து, செருப்பைக் கழற்றாமல் அதைச் சுற்றிவந்து பார்ப்பார்.

"இங்க ஒரு கைமரம் போவுது. அத வெட்டணும்."

"வெட்டுங்க."

"ஒண்ண வெட்டுனா வீடு வாயத் தொறந்துடும். காத்து உள்ள பூந்துடும்."

வீட்டைத் தொடாத ஒன்றே ஒன்றைத்தான் அவர் விட்டுக்கொடுத்தார்: வெளியே தனியாக ஒரு கீற்றுக்கொட்டகை, சமையலுக்கு. அதோடு அவள் ஒவ்வொன்றாகக் கைவிட்டாள். கடைசியில் ஒன்று மட்டும் நின்றது.

"எல்லாத்தையும் விட்டுட்டேன் முசே. பரண்ல ஒரு ஜன்னல். நாலு அடி. படுத்துக்கிட்டே கடலைப் பாக்கணும்."

பேரம் பேசும்போது மட்டும் புருஷனை அவள், பிரெஞ்சுத் துரையைக் கூப்பிடுவதுபோல, முசே என்பாள்.

"ஒன்றரை அடி. ரெண்டு கைமரத்துக்கு நடுவுல எவ்வளவு எடம் இருக்கோ அவ்வளவு."

"ஒன்றரை அடியில பூனைதான் எட்டிப் பாக்கும்."

"பூனை பாத்துட்டு வந்து உனக்குச் சொல்லட்டும்."

"மூணரை?"

"ஒன்றரை."

"கடலு உங்க அப்பன் வீட்டுதா?" என்று கேட்டுவிட்டு, அவள் பாயை உதறிக் கட்டிலில் போடுவாள். ஜெபமாலை முடிந்ததும் நாள் தவறாமல் நடந்த வியாபாரம் இது. படிந்துவிட்டால் கடையை மூட வேண்டியிருக்கும் என்று இருவருக்கும் உள்ளூர ஒரு பயம் இருந்ததோ என்னவோ, ஒருவரும் இறங்கி வரவில்லை.

அவர் பக்கமும் நியாயம் இல்லாமல் இல்லை. எழுபத்தேழு புயலில் குப்பத்துக் கூரைகள் எல்லாம் வயலுக்குப் போய்விட்டபோது, இந்த வீட்டில் ஒரு ஓடு அசையவில்லை. காற்றுக்குப் பிடித்துக்கொள்ள அதில் ஒன்றும் இல்லை. பாதிக் குப்பம் அன்றைக்கு உள்ளே நெருக்கியடித்து உட்கார்ந்து உயிர் பிழைத்தது. அதன்பிறகு யாரும் சொல்தா வீட்டைப் பார்த்துச் சிரிப்பதில்லை. மறுநாள் காலையில் அத்தனை பேருக்கும் வரக்காப்பி ஊற்றிக் கொடுத்த ழுலியேத், கடைசி டம்ளரைப் புருஷனிடம் நீட்டிக்கொண்டே கேட்டாள்:

"புயல் போயிடுச்சு. இப்ப ஜன்னலப் பத்திப் பேசலாமா?"

இந்த வருஷம் மழை தொடங்கியபோதே அவளுக்கு மூச்சு இரைத்தது. கீழே தரை ஓதம் ஏறியது. பகலிலும் மேலேயே இருந்துவிடுகிறேன் என்று, ஒவ்வொரு படிக்கும் நின்று நின்று ஏறினாள். ஏறியவள் இறங்கவில்லை. டாக்டர் வந்து பார்த்தார்; இதயம் வீங்கியிருக்கிறது, அசைக்க வேண்டாம் என்றார். படுத்தபடியே அவள் கிழக்குப் பக்கத்து ஓடுகளைப் பார்த்துக்கொண்டிருப்பாள். அலைச் சத்தம் ஓட்டுக்கு அந்தப் பக்கம்தான்.

பலகையைக் காத்தமுத்து மேலே இழுத்துப் போட்டார். "நடக்காதுங்க. படுக்க வெச்சபடி எறக்க முடியாது. ஒண்ணு, நாற்காலியில உக்கார வெச்சுக் கட்டி, நிமித்தி எறக்கணும். இல்லாட்டி..." முடிக்காமல் கூரையைப் பார்த்தார்.

எல்லோரும் சவியேயைப் பார்த்தார்கள். அவர் ஓடுகளுக்கிடையே தெரிந்த கீற்று வெளிச்சத்தைப் பார்த்தார்.

"ஐப்பசி மாசம்" என்றார்.

அனெத் அப்போதுதான் வாயைத் திறந்தாள். "அம்மா எப்பக் கேட்டாலும் ஐப்பசிதான் பப்பா. பங்குனியில கேட்டாலும் உங்களுக்கு ஐப்பசிதான்."

ஏணியில் பாதி ஏறி, தலையை மட்டும் பரணுக்குள் நீட்டியிருந்த மீரா சாகிப், "விடும்மா, இப்ப எதுக்கு" என்றார். தங்கச்சி தங்கச்சி என்று அவர் கூப்பிட்டவள் கட்டிலில் கிடந்தாள். அந்தப் பக்கம் பார்க்காமலே பேசினார்.

காத்தமுத்து தயங்கித் தயங்கி இன்னொன்றையும் சொன்னார். "எங்கள்ல நாள் சரியில்லாமச் செத்தாத்தான் கூரையப் பிரிச்சு எடுப்பாங்க. அடைப்புன்னு சொல்லுவோம். வாசல் வழியாக் கொண்டு போனா வீட்டுக்கு ஆகாது, இன்னொரு சாவு விழும்னு பயம். அப்புறம் அந்த வீட்டையே முள்ளு வெச்சு அடைச்சிடுவாங்க. நீங்க வேதக்காரங்க, உங்களுக்கு அது இல்ல. ஆனா பாக்குற சனம் அம்மாவுக்கு அடைப்புன்னு பேசிக்கும்."

ஊருக்கே காப்பி ஊற்றியவளைப் பற்றி ஊர் அப்படிப் பேசுவதா? அந்த யோசனை சொல்தாவுக்குப் பிடித்துக்கொள்ள ஒரு கொம்பாக அமைந்தது.

"நாற்காலியே கொண்டாங்க" என்றார்.

கொண்டுவந்தார்கள். கை வைக்காத மர நாற்காலி. அனெத் சுவரில்லாத அந்தப் பரணில் திரும்பிக்கொள்ளக்கூட இடமில்லாமல் கண்களை மூடிக்கொண்டாள். குப்பத்து ஆட்கள், வலை இழுத்துக் காய்த்த கைகளால், ழுலியேத்தைக் கூசிக் கூசித் தூக்கி உட்கார வைத்தார்கள். அக்குளுக்கடியில் கயிறு கொடுத்துச் சுற்றினார்கள். உடம்பு முன்னால் சரிந்தது. இன்னொரு சுற்று. காத்தமுத்து முழங்காலை நாற்காலியில் ஊன்றி முடிச்சை இழுத்தபோது, ழுலியேத்தின் தலை தொங்கி, தாடைக்கட்டு நழுவி மூக்கின்மேல் ஏறியது. வாய் லேசாகத் திறந்துகொண்டது. ஜெபமாலை அறுந்து, மணிகள் பலகைத் தரையில் உருண்டு, துவாரத்தின் வழியே கீழே ஒவ்வொன்றாக விழுந்தன.

கீழே நின்ற பெண்கள் குனிந்து அவற்றைப் பொறுக்கினார்கள்.

சவியே குனிந்து அவள் முகவாயைக் கையால் தாங்கினார். அப்படியே பிடித்துக்கொண்டு நின்றார். எடுத்தால் விழும்.

"அவுத்துடு" என்றார்.

"இன்னும் ஒரு முடிச்சுதாங்க..."

"அவுத்துடு காத்தமுத்து. அவுத்து, படுக்க வை."

படுக்க வைத்தார்கள். அனெத் தாடைக்கட்டைச் சரிசெய்தாள். சவியே சுற்றும் முற்றும் தேடி, பலகையை அறுத்த ரம்பத்தைத் தானே எடுத்துக்கொண்டார்.

"ஓட்டப் பிரி."

காத்தமுத்துவுக்கு நம்பிக்கை வரவில்லை. "ரோட்டுப் பக்கமாப் பிரிச்சிடுறேங்க. வண்டி அங்கதான் நிக்குது, எறக்கி நேரா..."

"கடல் பக்கம்."

"அந்தப் பக்கம்னா எறக்கி, மணல்ல சுத்திக்கிட்டுத் தூக்கி வரணுமே."

"சுத்திக்கிட்டு வரலாம். இங்க." கட்டிலுக்கு நேரே, படுத்திருப்பவளின் கண்ணுக்கு எதிரே, ஓட்டில் கையை வைத்துக் காட்டினார். எந்த இடம் என்று அவர் யோசிக்கவே இல்லை. எத்தனையோ ராத்திரி அவள் காலை நீட்டிக் கட்டைவிரலால் காட்டிய இடம்.

"சரிங்க. ரெண்டரை அடி போதும். ஒரு கைமரத்தோட போயிடும், மத்ததுக்குச் சேதாரமில்ல."

"நாலு."

"நாலுன்னா ரெண்டு கைமரம் போகுங்க. இந்த மழையில..."

"நாலு அடி" என்றார் சொல்தா. "அவ கேட்டது நாலு."

மீரா சாகிப் ஏணியை விட்டு மெல்ல இறங்கி வெளியே போனார். மரவாடிக்கு ஆள் அனுப்புவதாகச் சொல்லிக்கொண்டு போனார். வேப்பமரத்தடியில் தோள் துண்டால் முகத்தை மூடிக்கொண்டு நின்றதைக் கீழே இருந்தவர்கள் பார்த்தார்கள்.

ஓடுகளைக் கழற்றிக் கழற்றிக் கை மாற்றினார்கள். ஓடு பதிந்திருந்த ரீப்பர் சட்டங்கள் சுலபமாக வந்துவிட்டன. பனங்கைமரம் லேசில் விடவில்லை. வைரம் பாய்ந்த மரம். சவியே மண்டியிட்டு அறுத்தார். தூள் கண்ணில் விழுந்தது. அறுத்துக்கொண்டே இருந்தார். காத்தமுத்து இரண்டு தடவை கையை நீட்டினார். மூன்றாவது தடவை சவியே ரம்பத்தைக் கொடுத்துவிட்டுக் கட்டிலின் காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். இரண்டாவது மரமும் விட்டுக்கொடுத்தபோது வீடு ஒரு முனகல் முனகியது. அவ்வளவுதான். அது வாயைத் திறக்கவும் இல்லை, சாயவும் இல்லை. இத்தனை வருஷமும் அவர் சொல்லிக்கொண்டிருந்த எதுவும் நடக்கவில்லை.

வெளிச்சம் வந்து கட்டிலில் விழுந்தது. அந்தப் பரணில் பகல் வந்தது அதுதான் முதல் தடவை. சவியே மனைவியின் முகத்தைப் பார்த்தார். தலை நரைத்தது தெரியும். புருவத்திலும் நரை ஏறியிருந்தது. அது எப்போது என்று அவருக்குத் தெரியவில்லை.

கூரைச் சரிவின்மேல் இரண்டு கட்டுமரத் துண்டுகளைச் சாய்த்துத் தண்டவாளம்போல் கட்டினார்கள். ழுலியேத்தைப் பலகையில் கிடத்தி, வெள்ளைத் துணியால் சுற்றி, முகத்தை மட்டும் மூடாமல் விட்டார்கள். சவியே கீழே மணலுக்கு வந்துவிட்டார். கால் பக்கமாகப் பலகையை வெளியே தள்ளினார்கள். அது சரிவில் இறங்கச் சாய்ந்தது. பாதி வந்ததும் மேலே கயிற்றை மாற்றிப் பிடிப்பதற்காக நிறுத்தினார்கள்.

இடுப்புவரை வெளியே, மேல்பாதி இன்னும் அந்தச் சதுரத்துக்குள். படுத்தும் இல்லாமல் நின்றும் இல்லாமல், சாய்ந்தபடி கடலைப் பார்த்து இருந்தாள். காற்று தலைத்துணியின் ஓரத்தை அசைத்தது. சவியே அண்ணாந்து பார்த்துக்கொண்டே நின்றார். அவருக்குப் பின்னால் அலை வந்து போய்க்கொண்டிருந்தது. திரும்பி, அவள் பார்ப்பது என்ன என்று ஒரு தடவை பார்த்தார். படகு ஒன்றும் இல்லை. வெறும் தண்ணீர்.

"விடலாமா?" என்று மேலிருந்து காத்தமுத்து கேட்டார்.

சொல்தா கடலைப் பார்த்தபடியே நின்றார். அவர்களும் கொஞ்ச நேரம் விடவில்லை.

கூட்டத்தில் குப்பத்துக் கிழவி ஒருத்தி பக்கத்தில் இருந்தவளிடம் குனிந்து, "கூரையப் பிரிச்சிருக்காங்களே, அடைப்பாடி?" என்று கேட்டாள். தாழ்ந்த குரல்தான். ஆனாலும் காதில் விழுந்தது.

"அடைப்பெல்லாம் ஒண்ணுமில்ல ஆத்தா" என்றார் மீரா சாகிப். "ஜன்னல் வெக்கிறாங்க."

பெட்டியில் வைத்து, கோயில் வண்டியில் ஏற்றி, மழை வருவதற்குள் அடக்கம் முடிந்தது. கல்லறைத் தோட்டத்தில் ஈரமண்ணை ஒரு கை அள்ளிப் போட்டபோதும் சவியே அழவில்லை. அனெத்தான் அழுதாள். அழுது முடித்து, அப்பாவின் சட்டையில் ஒட்டியிருந்த மரத்தூளைத் தட்டிவிட்டாள். காலையிலிருந்து அவரை அவள் தொட்டது அப்போதுதான்.

"டவுனுக்கு வந்துடுங்க பப்பா. கொஞ்ச நாள் எங்களோட இருங்க."

"வீடு தொறந்து கெடக்கு."

"மீரா சாகிப் மாமா தார்ப்பாய் போட்டுட்டாரே."

"காத்து அடிச்சா தூக்கிடும்மா" என்றார். அவளும் வற்புறுத்தவில்லை. அன்றைக்கு அவளும் அந்த வீட்டிலேயே தங்கினாள். கீழே, ஓதம் ஏறிய தரையில் பாய் போட்டுப் படுத்தாள். அப்பா படுத்திருந்த பரணில் தார்ப்பாய் படபடத்துக்கொண்டே இருந்தது. அதை ஒரு மூலையில் யாரோ அவிழ்த்து விட்டிருக்கிறார்கள் என்று சத்தத்திலேயே தெரிந்தது. யார் என்று அவள் கேட்கவில்லை.

மறுநாள் வெயில் அடித்தது. காத்தமுத்து அளவெடுக்க வந்தார். தார்ப்பாயைச் சுருட்டி ஒதுக்கிவிட்டு, மடக்கு அடிக்கோலை விரித்து, வெட்டிய வாயின் அகலத்தில் வைத்தார். சவியே கட்டிலில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். கட்டிலில் அவர் பக்கம் உலர்ந்திருந்தது. ழுலியேத்தின் பக்கம் மழை ஈரம்.

"மேல சின்னதா ஒரு கூண்டு எழுப்பி, அதுல ஜன்னல நிறுத்தணுங்க. அப்பத்தான் மழை ஏறாது. சட்டம் வேம்புலயா, தேக்குலயா?"

"தேக்கு."

"மீரா சாகிப்கிட்ட பழைய தேக்கு இருக்கு. ஆனா வெலை கொஞ்சம்..."

"சரி."

காத்தமுத்து நிமிர்ந்து பார்த்தார். இந்த வீட்டைக் கட்டும்போது ஒரு ஆணிக்கு அரைநாள் வாதாடிய மனிதர்.

"கம்பி வெக்கணுமா?"

"வேணாம். மறைக்கும்."

"கண்ணாடிக் கதவா?"

"ஆமா. ரெட்டைக் கதவு."

எல்லாவற்றுக்கும் விடை தயாராக இருந்தது. ஒவ்வொன்றையும் அவள் எப்போதோ சொல்லியிருந்தாள். அவர் கேட்காததுபோல் இருந்தாரே தவிர, கேட்டுத்தான் இருந்தார்.

"கதவு உள்பக்கமாத் தொறக்கணுமா, வெளிப்பக்கமாத் தொறக்கணுமா?"

சவியே வாயைத் திறந்தார். கதவு எந்தப் பக்கம் திறக்கும் என்பதுவரைக்கும் வியாபாரம் போனதே இல்லை. தேக்கும் கண்ணாடியும் சொல்லி முடித்து, எப்போதும் அகலத்திலேயே நின்றுவிடும். அங்கேயே அவள் சிரித்துவிட்டுப் பாயை உதறிவிடுவாள்.

"இரு" என்றார். "அவகிட்ட கேட்டுட்டு வந்துர்றேன்."

எழுந்து, குனிந்தபடி விட்டத்தைத் தாண்டி, துவாரத்தில் காலை விட்டு ஏணியில் இறங்கினார். நாலைந்து படி இறங்கியதும் நின்றுவிட்டார். வாசலுக்கு வெளியே கீற்றுக்கொட்டகை தெரிந்தது. அனெத்தான் அங்கே அடுப்பைப் பற்றவைத்துக்கொண்டிருந்தாள், புகை வந்தது. அவர் ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை. ஏணியின் சட்டத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தார். மேலே காத்தமுத்து அடிக்கோலை மடக்காமல் காத்துக்கொண்டிருந்தார்.